மாட்டுங்காவுக்கு ஒரு கட்டைப்பை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பர்நாத் ரயில் நிலையத்தில் மடித்த கட்டைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு தமிழர் நின்றால், எங்கே போகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. மாட்டுங்காவுக்குத்தான். காப்பிப் பொடி தீர்ந்திருக்கும். ஆவணி அவிட்டம் நெருங்கியிருக்கும். மகளுக்குச் சீமந்தம் வைத்திருப்பார்கள். எதுவுமே இல்லையென்றால் வாழைப்பூ. ஒரு வாழைப்பூவுக்காக ஐம்பது கிலோமீட்டரா என்று பக்கத்து வீட்டு மராத்திக்காரர் கேட்டால் பதில் சொல்வது கடினம். ஏனென்றால் வாழைப்பூ இப்போது அம்பர்நாத்திலேயே கிடைக்கிறது. டோம்பிவிலி வரை போனால் மற்றதும் கிடைத்துவிடும். ஆனாலும் போகிறார்கள்.

அம்பர்நாத்தை வெளியூர்த் தமிழர்கள் அதிகம் அறிந்திருக்க மாட்டார்கள். மத்திய ரயில்வே தடத்தில் கல்யாணைத் தாண்டி, மும்பை சி.எஸ்.டி.யிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. சிலாஹார மன்னர்கள் காலத்தில், 1060இல் எழுந்த சிவன் கோயில் ஊருக்குப் பெயர் கொடுத்தது. சோறு போட்டவை தொழிற்சாலைகள். ஆர்டனன்ஸ் பாக்டரி ஒன்று. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இன்னொன்று. சென்னைக்காரர்களுக்கு விம்கோ நகர் தெரியும், அதே விம்கோதான். இந்த வேலைகளை நம்பி வந்த தமிழர்களும் மலையாளிகளும் குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். பிறகு வந்தவர்கள் வேறு ரகம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து, அங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் முலுண்ட், டோம்பிவிலி, அம்பர்நாத், பத்லாபூர் என்று தண்டவாளத்தோடு தள்ளிக்கொண்டே போனவர்கள். மும்பையில் ஒரு குடும்பத்தின் பொருளாதார வரலாற்றை ஸ்டேஷன் பெயர்களை வைத்தே எழுதிவிடலாம்.

வேகவண்டி மாட்டுங்காவில் நிற்காது. குர்லாவில் இறங்கி ஸ்லோ வண்டி பிடிக்க வேண்டும். அல்லது தாதர் வரை போய் ஒரு ஸ்டேஷன் திரும்பி வர வேண்டும். வயிறு காலியாக இருப்பவர்கள் தாதரைத் தேர்ந்தெடுப்பார்கள். வடாபாவ் பிறந்த இடம் அந்த ஸ்டேஷன் வாசல்தான் என்றும், 1966இல் அசோக் வைத்யா என்பவர் அங்கே போட்ட கடையில்தான் அது தொடங்கியது என்றும் சொல்லப்படுகிறது. சிவசேனை தொடங்கியதும் அதே 1966இல்தான். அந்தக் கட்சியின் முதல் எதிரிகள் தென்னிந்தியர்கள். லுங்கியை விரட்டு என்ற கோஷம் சுவர்களில் இருந்தது, உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. இட்லி தோசைக்குப் போட்டியாக மராத்தி இளைஞர்களை வடாபாவ் கடை போடச் சொல்லிக் கட்சி ஊக்குவித்தது. அந்த நாட்களை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேலாகிறது. வடாபாவையும் விடாமல் சாப்பிடுகிறார்கள்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு ஒரு பெருமை உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் முதல் டிக்கெட் பரிசோதகர் வரை எல்லோரும் பெண்கள். 2017 ஜூலையில் இந்த ஏற்பாடு வந்தது. நாட்டிலேயே முதல் முறை என்று லிம்கா சாதனைப் புத்தகத்தின் 2018 பதிப்பில் இடம் பிடித்தது.

கிழக்குப் பக்கம் இறங்கினால் முதல் வேலை மூக்குக்குத்தான். மல்லிகை, கதம்பம், மரிக்கொழுந்து, துளசி மாலை. மும்பையின் மற்ற இடங்களில் பூ ‘கஜ்ரா’வாக, சாண் அளவுத் துண்டாக விற்கும். இங்கே முழக்கணக்கு. முழம் போடும் கையைப் பொறுத்து முழத்தின் நீளம் மாறும் என்ற தமிழ்நாட்டு விதி இங்கும் செல்லும். “என்னம்மா, உன் கை இத்தனை குட்டையா?” என்று மாமி கேட்பார். “நீங்களே அளந்துக்குங்க மாமி” என்று பூக்காரம்மா சரத்தை நீட்டுவார். இதைச் சண்டை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர் ஊருக்குப் புதிது.

பூக்கடைகளைத் தாண்டினால் காய்கறி. புடலங்காய், கொத்தவரங்காய், சேனை, சேப்பங்கிழங்கு, வாழைத்தண்டு, நேந்திரங்காய், பருவத்தில் மாவடு. கட்டுக்கட்டாக வாழை இலை. விற்பவர்கள் பெரும்பாலும் தமிழரல்லர். காய்களின் பெயர் மட்டும் சுத்தமான தமிழில் வரும், விலை இந்தியில் வரும். நேந்திரங்காய் வறுவல் கடை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் வாசனை வழி காட்டும்.

காப்பிக் கடையில் நிற்பது தனி அனுபவம். மைசூர் கன்சர்ன்ஸ், பிலிப்ஸ் போன்ற பழைய கடைகளில் கொட்டையைக் கண்ணெதிரே அரைத்துத் தருவார்கள். பீபரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சிக்கரி கலப்பதே பாவம் என்பவரும், இருபது சதவீதம் இல்லாவிட்டால் டிகாக்ஷன் இறங்காது என்பவரும் அடுத்தடுத்து நிற்பார்கள். கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி என்றால் இரண்டு பொட்டலம்.

பண்டார்கர் ரோட்டில் ஆஸ்திக சமாஜம் இருக்கிறது. 1923இல் தொடங்கியது. கொச்சு குருவாயூர் என்றால்தான் பலருக்குத் தெரியும். பஞ்சாங்கம், பூணூல், தர்ப்பை, சுலோகப் புத்தகம் என்றால் கிரி. சென்னை மயிலாப்பூரில் கிரி டிரேடிங் கடையைப் பார்த்திருப்பவர்கள் அது சென்னைச் சரக்கு என்றே நினைக்கக் கூடும். 1951இல் இந்த மாட்டுங்காவில் சின்னக் கடையாகத் தொடங்கி, பிறகு சென்னைக்குப் போனது அது. மும்பையிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஏற்றுமதியான பக்தி என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பலாம்.

இந்தத் தெருக்கள் உருவானதற்குக் காரணம் ஒரு கொள்ளை நோய். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலைக் குறைக்க 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை அரசு உருவாக்கியது. தாதர், மாட்டுங்கா நிலங்களைத் திட்டமிட்டு மனைகளாகப் பிரித்தது அந்த அமைப்புதான். 1920களிலும் 30களிலும் அடுக்குவீடுகள் எழுந்தபோது, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த குமாஸ்தாக்கள் அவற்றில் வாடகைக்கு அமர்ந்தார்கள். வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட நூலில் இந்தப் பேட்டையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தமிழராக, மலையாளியாக, கன்னடராக வந்தவர்கள் ‘சவுத் இந்தியன்’ ஆனதில் மாட்டுங்காவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் வாதம். கழிப்பறையை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டிய அடுக்குவீட்டுக்கு ஆசாரக் குடும்பங்கள் பழகிக்கொண்ட கதையும் அதில் வருகிறது. சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி என்ற பெயரில் கல்விச் சங்கம் 1932இல் பிறந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

குடும்பம் ஊரில், வேலை பம்பாயில் என்றிருந்தவர்களுக்குச் சாப்பாடு யார் போடுவது? அங்கேதான் உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். ராமா நாயக் 1936இல் மைசூர் கபேயையும் 1942இல் ஸ்டேஷன் அருகே ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கையும் தொடங்கினார். ராம் ஆஷ்ரய் 1939இல் வந்தது. கிங்ஸ் சர்க்கிளில் கபே மெட்ராஸ் 1940இல். பெயரில் மெட்ராஸ் இருக்கிறதே தவிர நடத்துவது கர்நாடகக் கடற்கரையிலிருந்து வந்த காமத் குடும்பம். மும்பைக்காரர்கள் ‘மதராசி சாப்பாடு’ என்று சொல்லி உருகுவதில் பெரும்பகுதி கன்னட, கொங்கணிக் கைவண்ணம். சாம்பாரில் தித்திப்பு தட்டுகிறதே என்று முகம் சுளிக்கும் தஞ்சாவூர்க்காரருக்கு இந்த விளக்கம் போதும். பாலக்காட்டுச் சமையலைத் தந்த மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல் ரூயா கல்லூரி அருகே தொடங்கியது. பிற்காலத்தில் சூனாபட்டிப் பக்கம் போய்விட்டது. அதன் வாடிக்கையாளர்கள் செய்ததை அதுவும் செய்தது.

ஞாயிறு காலை கபே மெட்ராஸ் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் உண்மை புரியும். நீர் தோசைக்கும் ராகி தோசைக்கும் ரசம் இட்லிக்கும் காத்திருப்பவர்களில் குஜராத்தி பேசுபவர்கள் கணிசம். மாட்டுங்காவின் அடுக்குவீடுகளில் இப்போது கட்ச், குஜராத் வணிகக் குடும்பங்கள் ஏராளம். தமிழர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள், கடைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அம்பர்நாத்திலிருந்து கட்டைப்பையோடு வருபவர், தன் அப்பா வாடகைக்கு இருந்த கட்டடத்தைத் தாண்டித்தான் வரிசையில் போய் நிற்கிறார். கட்டடம் இடிக்கப்பட்டு இருபது மாடிக் கோபுரமாகியிருந்தால், இந்த இடத்தில்தானே நம் வீடு இருந்தது என்று கொஞ்சம் தடுமாறுவார். ஹோட்டல் அதே இடத்தில் இருந்தால்தான் அவருக்குத் திசை பிடிபடும். வாழைப்பூவுக்கு ஐம்பது கிலோமீட்டர் போவதற்கு இதைவிட நல்ல காரணம் அவரிடம் இல்லை.

அம்பர்நாத்தில் கன்சாய் செக்‌ஷன் என்று ஒரு பகுதி உண்டு. ஜப்பானில் ஓசாகா, கியோட்டோ நகரங்கள் இருக்கும் வட்டாரத்துக்கும் கன்சாய் என்றே பெயர். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஓசாகாவை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். கியோட்டோக்காரன் உடுத்தியே ஓட்டாண்டியாவான், ஓசாகாக்காரன் தின்றே ஓட்டாண்டியாவான் என்று அங்கே பழமொழி. ஓசாகாவின் தென்ஜின்பாஷி-சுஜி என்ற கடைத்தெரு கூரையிட்டு 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. வண்டி புகாது, நடந்தே கழிக்க வேண்டும். உலகெங்கிலுமிருந்து வரும் பயணிகள் வரைபடத்தை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் வரை அதில் பாதி தூரம்கூட இல்லை. இங்கே கூரை கிடையாது, நடைபாதையில் ஸ்கூட்டர் நிற்கும், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். ஓட்டாண்டியாகும் அளவுக்குச் சாப்பாட்டு விலை இன்னும் ஏறவில்லை என்பது ஆறுதல்.

செம்பூரை இதே நாளில் பார்க்க முயல வேண்டாம். குர்லாவிலிருந்து ஹார்பர் லைனில் தனியாகப் போக வேண்டிய இடம். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தபோது, மாட்டுங்கா குமாஸ்தாக்களின் படித்த பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். சேடா நகர் முருகன் கோயில் 1980இல் எழுந்தது. பிரிவினையில் வந்த சிந்திகளின் முகாமும் செம்பூரிலேயே இருப்பதால், காலையில் இட்லியும் மாலையில் தால் பக்வானும் சாப்பிட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம்.

மாட்டுங்காவைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக கபே மெட்ராஸ் காப்பியோடு முடித்துவிடுவார்கள். தண்டவாளத்தைத் தாண்டுவதில்லை. தாண்டுவதற்குப் பாலம் இருக்கிறது. மத்திய ரயில்வேயின் மாட்டுங்காவையும் மேற்கு ரயில்வேயின் மாட்டுங்கா ரோடையும் இணைக்கும் நடைபாலம் வளைந்து வளைந்து போவதால் ‘இசட் பிரிட்ஜ்’ என்று பெயர். அதில் ஏறி இறங்கி வடக்கே திரும்பினால் லேபர் கேம்ப் வருகிறது. அதையடுத்து தாராவி. காலை வெயிலில் அரை மணி நேரத்துக்குமேல் நடக்க வேண்டியிருக்காது.

இங்கேயும் பலகைகளில் தமிழ். ஆனால் மொழியின் ஓசை மாறுகிறது. மாமி போய் ‘அக்கா’ வருகிறது, சார் போய் ‘அண்ணாச்சி’ வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் ஊர் இது. தோல் பதனிடும் தொழிலை இங்கே நடத்தியவர்களில் தென்மாவட்டத்து முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் தேவர்களும் வந்து சேர்ந்தார்கள். தாராவிப் பிள்ளையார் கோயில் 1913இல் ஏற்பட்டது. அதாவது மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜத்துக்குப் பத்து வயது மூத்தது. மும்பையின் தமிழ் வரலாற்றைச் சொல்பவர்கள் எந்தக் கோயிலிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதைக் கவனித்தால் அவர்கள் பாலத்தின் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

நைன்ட்டி ஃபீட் ரோடு என்று எல்லோரும் சொல்லும் தொண்ணூறு அடி சாலையில் கருவாடு கிடைக்கும், பரோட்டா கிடைக்கும், பொங்கலுக்குக் கட்டுக்கரும்பு இறங்கும். நகைக்கடைகளும் அடகுக்கடைகளும் அருகருகே. தோல் பை, பெல்ட், பர்ஸ் வாங்குபவர்கள் சயான் பக்கத்துக் கடைகளுக்குப் போகிறார்கள். பெரிய கடைகளில் வேறு பெயரோடு வேறு விலைக்குப் போகும் சரக்கைப் போன்றதே இங்கு தொங்கும். தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆனால் தாராவியின் முக்கியமான உணவுப் பொருளை அங்கே பகலில் பார்க்க முடியாது. அது விடியும்போதே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. மும்பையின் எந்தப் பேட்டையிலும் காலையில் ‘பாம், பாம்’ என்று ரப்பர் ஹாரன் அடித்தபடி சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டிக்கொண்டு வரும் இட்லிக்காரரைப் பார்க்கலாம். அவரைக் கேட்டால் பெரும்பாலும் தாராவி என்பார். முந்தின நாள் அரைத்து இரவெல்லாம் புளித்த மாவு, விடிவதற்கு முன் பற்றவைத்த அடுப்பு, பத்துக்குப் பத்து அறைக்குள் அடுக்கடுக்காக இட்லித் தட்டு. வடையும் சட்னியும் அங்கேயே. மாட்டுங்காவில் மேஜைமேல் வரும் இட்லிக்கும் இதற்கும் அரிசி உளுந்தில் வித்தியாசம் கிடையாது. அதற்கு வரிசை நிற்கிறது, இது வாசல் தேடி வருகிறது. முதலாவதைப் பற்றிப் பத்திரிகைகளில் படங்களோடு கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

இந்த அறைகள் என்ன ஆகும் என்பதுதான் இப்போது கேள்வி. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர் பரப்பில் எட்டு முதல் பத்து லட்சம் பேர் வாழ்வதாக மதிப்பிடப்படும் தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் 2004இலிருந்து பேசப்படுகிறது. பலமுறை டெண்டர் விட்டுக் கைவிட்ட பிறகு, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு அதானி குழுமம் ஏலத்தை வென்றது. 2023இல் அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டியோ வாடகைக்கோ தவணைக்கோ. முலுண்ட், காஞ்சூர்மார்க், தேவ்னார் என்று நிலங்களின் பெயர்கள் அடிபடுகின்றன.

350 சதுர அடி, சொந்தக் கழிப்பறை, குழாயில் தண்ணீர். தெருக் குழாயிலும் பொதுக் கழிப்பறையிலும் வரிசை நின்றே வாழ்க்கையில் பாதியைக் கழித்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இதைக் கேலி பேசுபவர்கள் ஒரு வாரம் தாராவியில் இருந்து பார்க்கலாம். ஆனால் இட்லிக்காரர் பெரும்பாலும் மாடி அறைக்காரர், வாடகைக்காரர், நான்கைந்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து தங்குபவர். அவர் கையில் 2000ஆம் ஆண்டுக் காகிதம் இருக்குமா? இருந்து வீடு கிடைத்தாலும் பதினைந்தாவது மாடியில் நள்ளிரவுக்குப் பிறகு கிரைண்டர் ஓட்டினால் கீழ் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? காலை ஐந்து மணிக்குக் கொதிக்கும் பாத்திரத்தோடு லிப்டில் ஏற விடுவார்களா? முலுண்டுக்கு அனுப்பினால், அங்கிருந்து சைக்கிளை மிதித்துக் கோட்டைக்கும் பாந்திராவுக்கும் எத்தனை மணிக்கு வந்து சேருவார்? தாராவி நகரத்தின் நடுவில் இருப்பதால்தான் அந்த இட்லி சூடாக இருக்கிறது.

மாட்டுங்காக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொருவராக, தங்கள் வசதிக்கேற்ற ஸ்டேஷனைப் பார்த்து, வீட்டை விற்ற பணத்தோடோ பகடிப் பணத்தோடோ கிளம்பினார்கள். தாராவிக்காரர்களுக்கு எந்த ஸ்டேஷன் என்று ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும்.

சயானில் ஸ்லோ வண்டி பிடித்தால் அம்பர்நாத் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்பர்நாத்துக்கு முந்தின ஸ்டேஷன் உல்லாஸ்நகர். சிந்தி அகதிகளுக்காக அமைந்த அந்த ஊருக்கு 1949 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அதைக் கடக்கும்போது மதியம் இரண்டு மணியாகியிருக்கும். கட்டைப்பையில் அரைக் கிலோ காப்பிப் பொடி, இரண்டு முழம் மல்லிகை, பஞ்சாங்கம், நேந்திரங்காய் வறுவல், அடியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, பூ வாசனையில் படாமல் நான்கு காகிதம் சுற்றி. வாழைப்பூ வாங்க மறந்து போயிருக்கும். அது அம்பர்நாத் மார்க்கெட்டில் சாயங்காலம் வரை கிடைக்கும்.